மலைக்கு ஒரு மீடிறனா, நாட்டுக்கே ஒன்றா? மலையகத்தின் டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு எந்தத் திட்டம் பொருந்தும்

இலங்கையின் தரைவழித் தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறப்போகிறது என்ற பேச்சு பழசு. முதலில் ஐரோப்பாவின் டிவிபி-டி2 முறை என்றார்கள். 2014இல் அதை விட்டுவிட்டு ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறைக்கு அரசு மாறியது. அனலாக் ஒளிபரப்பு இன்னும் அணையவில்லை. இந்தத் தாமதத்தால் மலையகத்துக்கு ஒரு நன்மை உண்டு: எந்தக் கோபுரத்துக்கு எந்தச் சேனல் என்ற பங்கீடு இறுகிப்போவதற்கு முன் நாமும் வாய் திறக்கலாம். அது பொறியியலாளர்களின் வேலை, நமக்கென்ன என்று ஒதுங்கினால் நட்டம் நமக்குத்தான். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், படம் வருமா, மலையகத்துக்கென்று தமிழில் ஒரு நிகழ்ச்சி போட முடியுமா என்பதெல்லாம் அந்தப் பங்கீட்டிலேயே முடிவாகிவிடும்.

தோட்டங்களில் அன்டனா கட்டிக்கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், முன்னால் இருக்கும் வழிகளை ஒப்பிட்டு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

28 சேனல், அதற்குள் ஒரு நாடு

தொலைக்காட்சிக்கு வானலையில் இரண்டு இடங்கள் உண்டு. வீஎச்எஃப் பகுதியில் 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரை. அதை 7 மெகாஹேர்ட்ஸ் துண்டுகளாக வெட்டி 5 முதல் 12 வரை எண் போட்டிருக்கிறார்கள். யூஎச்எஃப் பகுதி 470இல் தொடங்குகிறது. அங்கே ஒவ்வொரு துண்டும் 8 மெகாஹேர்ட்ஸ், முதல் துண்டு சேனல் 21. சேனல் எண்ணை 8ஆல் பெருக்கி 306ஐக் கூட்டினால் அதன் நடு மீடிறன் (அதிர்வெண்) கிடைக்கும். 21க்கு 474, 40க்கு 626.

முன்பு யூஎச்எஃப் 862 மெகாஹேர்ட்ஸ் வரை, அதாவது சேனல் 69 வரை, தொலைக்காட்சியின் சொத்து. இப்போது உலகமெங்கும் மேல்பகுதி கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆசிய பசிபிக் நாடுகளின் 700 திட்டத்தில் 703 முதல் 748 வரையும், 758 முதல் 803 வரையும் கைபேசிக்கு. அமெரிக்காவில் 2016, 2017இல் ஏலம் போட்டு 84 மெகாஹேர்ட்ஸைத் தொலைக்காட்சியிடமிருந்து எடுத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் நிலையங்கள் சேனல் மாற வேண்டியிருந்தது, அந்த வேலை 2020இல்தான் முடிந்தது. ஒருமுறை பங்கிட்டு, கோபுரம் கட்டி, பிறகு கலைத்துப் பங்கிடுவது எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு அது சாட்சி. ஆகவே நாம் கணக்குப் போடும்போது 470 முதல் 694 வரை மட்டுமே நம்முடையது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அதில் 21 முதல் 48 வரை 28 சேனல்கள் இருக்கின்றன.

அனலாக்கில் ஒரு சேனலில் ஒரு நிலையம்தான் ஓடும். டிஜிட்டலில் ஒரு சேனலுக்குள் பல நிகழ்ச்சிகளை ஒன்றாகக் கட்டி அனுப்பலாம். அந்தக் கட்டுக்குப் பெயர் மல்டிபிளெக்ஸ். எத்தனை நிகழ்ச்சி கொள்ளும் என்பது அமைப்பைப் பொறுத்தது. ஐஎஸ்டிபி-டியில் பொதுவான ஓர் அமைப்பில் 8 மெகாஹேர்ட்ஸில் விநாடிக்கு 24 மெகாபிட் அளவுக்குப் போகும். சாதாரணத் தரத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு 2 மெகாபிட் போதும், எச்டி என்றால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு வேண்டும்.

இதையெல்லாம் பங்கிடுவது யார்? மீடிறன், 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது. தனியார் தொலைக்காட்சி நடத்தும் அனுமதியோ அரச தொலைக்காட்சியான ரூபவாஹினிக்காக வந்த 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சரிடமிருந்து வருகிறது. கதவு இரண்டு. மலையகத்துக்காக எதையாவது கேட்பவர்கள் இரண்டையும் தட்ட வேண்டும். ஒன்றை மட்டும் தட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை.

மூன்றாவதாக இந்தியாவும் கணக்கில் உண்டு. 2006இல் ஜெனீவாவில் ஐரோப்பா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கு நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து டிஜிட்டல் சேனல்களைப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் இலங்கை இல்லை. நாமும் இந்தியாவும் நேராகப் பேசித்தான் ஒத்துப்போக வேண்டும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 80களில் தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் உயரமான அன்டனா போட்டு ரூபவாஹினி பார்த்தார்கள். 2,524 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவை ஒட்டி நிற்கும் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உச்சியிலிருந்து போன அலை கடலைத் தாண்டியும் போனது. அந்த உயரம் நமக்குப் பலம். பங்கீடு செய்பவருக்கு அதுதான் பெரிய தலைவலி.

முதல் வழி: மலைக்கு ஒரு மீடிறன்

அனலாக் காலத்தில் வேறு வழியே இல்லை. ஒரே மீடிறனில் இரண்டு கோபுரங்கள் பேசினால் திரையில் ஒரு ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் ஆள் நிற்பார். அதனால் ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனி மீடிறன் கொடுத்தார்கள். டிஜிட்டலிலும் அதே வழியில் போகலாம், பல நாடுகள் அப்படித்தான் போயிருக்கின்றன.

இதன் நன்மை, எளிமை. ஒரு கோபுரம் பக்கத்துக் கோபுரத்தோடு நேரம் பார்த்து ஓட வேண்டியதில்லை. ஒவ்வொரு கோபுரமும் தனக்குரிய நிகழ்ச்சியை அனுப்பலாம். பதுளைக்கு ஒன்று, நுவரெலியாவுக்கு ஒன்று என்று வேறுபடுத்தலாம்.

ஆனால் 28ஐ வைத்து இதைக் கணக்குப் பாருங்கள். நாட்டுக்கு நான்கு மல்டிபிளெக்ஸ் வேண்டும் என்று வைப்போம். ஒரு கோபுரத்துக்கு நான்கு சேனல். பக்கத்துக் கோபுரத்துக்கு அந்த நான்கையும் கொடுக்க முடியாது, வேறு நான்கு வேண்டும். 28ஐ நான்கால் வகுத்தால் ஏழு தொகுதி. சமதரை நாட்டில் ஏழு தொகுதியை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். இங்கே பிதுருதலாகலவுக்குக் கொடுக்கும் நான்கு சேனல்களைத் தீவின் பெரும்பகுதியில் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, ஏனென்றால் அதன் அலை எங்கும் எட்டும். மீதி 24ஐத்தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பள்ளத்தாக்குகள். பிதுருதலாகலவிலிருந்து மஸ்கெலியா நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்கும் குறைவு, பொகவந்தலாவையும் அப்படித்தான். தூரம் ஒன்றுமில்லை, குறுக்கே நிற்கும் மலைமுகடுதான் தடை. யூஎச்எஃப் அலை முகட்டைத் தாண்டி நன்றாக வளையாது. அந்தப் பக்கத்து லயங்களுக்கு முகட்டின் மேல் சிறு மறுஒளிபரப்பி வேண்டும். முதல் வழியில் ஒவ்வொரு மறுஒளிபரப்பிக்கும் இன்னொரு நான்கு சேனல். மலையகத்தில் பள்ளத்தாக்குக்குப் பஞ்சமா? ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை, ராகலை, கொத்மலை, ஹப்புத்தளைக்குக் கீழே, பசறை, லுணுகலை என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

பிரித்தானியா இந்த வழியில்தான் போனது. அங்கே சுமார் 80 பெரிய கோபுரங்களும், பள்ளத்தாக்குகளுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மறுஒளிபரப்பிகளும் உண்டு. பெரிய கோபுரத்தைப் பார்க்கும் வீட்டுக்கு எல்லா மல்டிபிளெக்ஸும் வருகிறது. சிறு மறுஒளிபரப்பியை நம்பும் வீட்டுக்குப் பொதுச்சேவை மல்டிபிளெக்ஸ் மூன்று மட்டும்தான். வணிக நிலையங்களின் மல்டிபிளெக்ஸ்கள் பெரும்பாலும் அங்கே ஏறவில்லை. செலவும் மீடிறன் நெருக்கடியும் சேர்ந்து அப்படி ஆக்கின. வேல்ஸின் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு நகரத்தவரைவிடக் குறைவு.

எனக்கு இந்த வழியில் உள்ள பயம் இதுதான். நம் நாட்டில் குறைக்க வேண்டி வந்தால் முதலில் எது குறையும்? தமிழ் நிகழ்ச்சிகள் எந்த மல்டிபிளெக்ஸில் ஏறியிருக்கும்? தமிழ் நிலையங்களான சக்தி ஒன்றில், வசந்தம் வேறொன்றில், நேத்ரா மற்றொன்றில் என்று சிதறிக் கிடந்து, பள்ளத்தாக்குக்கு ஒரு மல்டிபிளெக்ஸ் மட்டும் வந்தால், தமிழ் பேசும் மக்கள் அதிகம் வாழும் இடத்தில் தமிழ் குறைவாக வரும். வேண்டுமென்றே யாரும் செய்யத் தேவையில்லை. பங்கீடு தானாகவே அதைச் செய்துவிடும்.

இரண்டாவது வழி: நாடு முழுக்க ஒன்று

டிஜிட்டல் தந்த பெரிய வசதி இது. பல கோபுரங்கள் ஒரே மீடிறனில், ஒரே நேரத்தில், ஒரே தரவைச் சொன்னால் டிவிப் பெட்டி குழம்பாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக வாங்கிக்கொள்ளும். நான்கு மல்டிபிளெக்ஸுக்கு நாடு முழுவதற்கும் நான்கே சேனல் போதும், மீதி 24 மிச்சம். கேட்க இனிமைதான்.

நிபந்தனை ஒன்றிருக்கிறது. அலைகள் கொஞ்ச நேர இடைவெளிக்குள் வந்து சேர வேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாதையோரம் நெடுக ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பக்கத்து ஸ்பீக்கரும் அடுத்ததும் சேர்ந்து கேட்டால் பாட்டு நன்றாக இருக்கும். எதிர்மலையில் கட்டிய ஸ்பீக்கரின் சத்தம் பிந்தி வரும்போது வரி புரியாமல் போய்விடும். அலைக்கும் அதே கதைதான், இங்கே நேரம் மைக்ரோவிநாடியில். ஒரு மைக்ரோவிநாடியில் அலை 300 மீற்றர் போகும்.

ஐஎஸ்டிபி-டியில் 8 மெகாஹேர்ட்ஸ் சேனலுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச இடைவெளி 189 மைக்ரோவிநாடி. அதாவது இரண்டு கோபுரங்களிலிருந்து வரும் பாதைகளின் வித்தியாசம் ஏறத்தாழ 57 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அநுராதபுரத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிதுருதலாகல அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். உள்ளூர்க் கோபுரம் 15 கிலோமீட்டரில் இருந்தால் வித்தியாசம் 140 கிலோமீட்டர் வரும், நேரத்தில் 460 மைக்ரோவிநாடிக்கும் மேல். அங்கே பிதுருதலாகலவின் அலை துணையாக இருக்காது, இடைஞ்சலாகத்தான் இருக்கும். அன்டனா உள்ளூர்க் கோபுரத்தைப் பார்த்து நின்றால் பின்பக்கத்து அலை குறையும், உண்மைதான். ஆனால் உள்ளூர்க் கோபுரமும் பிதுருதலாகலவும் ஒரே திசையில் இருக்கும் வீடுகளுக்கு அந்தத் தப்பிப்பும் இல்லை.

கைவிட்ட டிவிபி-டி2 முறையில் இதே இடைவெளியை 448 மைக்ரோவிநாடி, அதற்கும் மேல்கூட வைக்கலாம். 130 கிலோமீட்டருக்கு மேல் தாங்கும். எந்த முறை என்ற தேர்வும் எந்த மீடிறன் என்ற தேர்வும் இப்படித்தான் கட்டுண்டு கிடக்கின்றன. முறை முடிந்துபோன விஷயம், அதில் திரும்பிப் போக முடியாது. ஆனால் ஐஎஸ்டிபி-டியை வைத்துக்கொண்டு நாடு முழுக்க ஒரே மீடிறன் என்று யாராவது முன்மொழிந்தால், உடனே கேட்க வேண்டிய கேள்வி: பிதுருதலாகலவை என்ன செய்யப் போகிறீர்கள்? சமதரையைக் காப்பாற்ற அதன் சக்தியைக் குறைப்பதுதான் இலகுவான பதிலாக இருக்கும். குறைத்தால் முதலில் அடிவாங்குவது அரைகுறையாக அலை எட்டும் மலைச்சரிவுகள். டிஜிட்டலில் அரைகுறை என்று ஒன்று கிடையாது. அனலாக்கில் புள்ளி விழுந்தாலும் ஆள் தெரிவார், செய்தி கேட்கும். டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்த நிமிடம் திரை கறுத்துவிடும்.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரியது. ஒரே மீடிறனில் ஓடும் எல்லாக் கோபுரங்களும் அணுவளவும் மாறாமல் ஒரே தரவை அனுப்பியாக வேண்டும். ஹட்டனில் மட்டும் அரை மணி நேரம் மலையகச் செய்தி போடலாம் என்றால் முடியாது. போட்டால் இரண்டு அலையும் அடித்துக்கொள்ளும். கொழும்பில் கட்டிய கட்டுத்தான் கடைசி லயம் வரை வரும். சம்பளப் பேச்சுவார்த்தை, காணி உரிமை, தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறை என்று நம் மக்கள் தங்கள் ஊர்ப் பெயரோடு பார்க்க வேண்டிய செய்திகளுக்கு நாடளாவிய கட்டுக்குள் எத்தனை நிமிடம் கிடைக்கும்?

எச்சரிக்கை விஷயத்தில் மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐஎஸ்டிபி-டியில் அவசர எச்சரிக்கைக் குறியீடு முறைக்குள்ளேயே இருக்கிறது. அணைத்து வைத்த பெட்டியைக்கூட எழுப்பும், எந்தப் பிரதேசத்துக்கு என்ற குறியீடும் சேர்ந்தே போகும். ஆகவே நாடு முழுக்க ஒரே மீடிறன் என்றாலும் பதுளைக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பலாம், பெட்டி அதைப் புரிந்துகொள்ளும் வகையாக இருந்தால். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காதவர்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை நேராகத் திரைக்கு வர வேண்டும், அதுவும் தமிழில் வர வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். அதற்கு எந்தத் திட்டமும் தடையில்லை. எச்சரிக்கையைப் படிக்காத மலிவுப் பெட்டிகளுக்கு அனுமதி கொடுத்தால்தான் தடை வரும்.

மூன்றாவது வழி: மலைநாடு ஒரு வலயம்

நான் ஆதரிப்பது இதை. நாட்டை நான்கைந்து வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வலயத்துக்குள்ளும் ஒரே மீடிறன், வலயத்துக்கு வலயம் வேறு மீடிறன். மத்திய மாகாணம், ஊவாவின் உயர்நிலம், அவற்றை ஒட்டிய சப்ரகமுவ மலைகள் சேர்ந்து ஒரு வலயம்.

ஏன் மலைக்கு இது பொருந்தும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். இரண்டு கோபுரங்களிலிருந்து வரும் பாதைகளின் வித்தியாசம், நீங்கள் எங்கே நின்றாலும், அந்தக் கோபுரங்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டாது. பிதுருதலாகலவுக்கும் பதுளைப் பக்கத்து நமுனுகுல மலைக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர் வராது. நமுனுகுலவில் ஒரு கோபுரம் வைத்து இரண்டையும் ஒரே மீடிறனில் ஓட்டினால், 57 கிலோமீட்டர் எல்லைக்குள் எங்கும் இடைஞ்சல் வராது. மலைநாட்டின் முக்கிய முகடுகள் இப்படி ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்பது நமக்குக் கிடைத்த வரம். ஒரு முகடு மறைக்கும் லயத்தை இன்னொரு முகட்டின் கோபுரம் பார்க்கும்.

இதற்கும் விலை உண்டு. இடைவெளியை 189 மைக்ரோவிநாடிக்கு வைத்தால் ஒரு சேனலில் விநாடிக்கு 21.9 மெகாபிட்தான் போகும். பாதியாகக் குறைத்தால் 24.3. வித்தியாசம் சாதாரணத் தரத்தில் ஒரு நிகழ்ச்சி. ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்துப் பள்ளத்தாக்குகளை வாங்குகிறோம். என்னைக் கேட்டால் கொடுக்கலாம்.

பள்ளத்தாக்குக்கான சிறு மறுஒளிபரப்பி இந்த வழியில்தான் உண்மையில் மலிவாகிறது. புதிய சேனல் தேவையில்லை. முகட்டின் இந்தப் பக்கத்தில் பிதுருதலாகலவைப் பார்த்து ஓர் அன்டனா, அந்தப் பக்கத்தில் லயங்களைப் பார்த்து இன்னொன்று, நடுவில் பெருக்கி. வாங்கிய மீடிறனிலேயே திருப்பி அனுப்பலாம். ஒரே சிக்கல், அனுப்பும் அன்டனாவின் அலை வாங்கும் அன்டனாவுக்குள் திரும்பப் புகுந்தால் பெருக்கி ஊளையிடத் தொடங்கிவிடும். ஒலிபெருக்கியின் மைக் முன்னால் ஸ்பீக்கர் இருந்தால் வருமே, அதே கோளாறு. மொட்டையான சிறு மேட்டில் இரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டினால் இது நடக்கும். நம் முகடுகள் கூர்மையானவை. கம்பங்களை முகட்டின் இருபுறமும் கொஞ்சம் இறக்கிக் கட்டினால் பாறையே சுவராக நிற்கும். திரும்பி வரும் அலையை அழிக்கும் கருவிகளும் இப்போது உண்டு. மின்சாரம், பாதை, காவல் ஆகியவற்றுக்குத்தான் உண்மையான செலவு. ஏற்கனவே கைபேசிக் கோபுரம் நிற்கும் முகடாகப் பார்த்தால் அதிலும் பெரும்பகுதி குறையும்.

நாங்கள் அனலாக் காலத்தில் செய்யும் ஒரு வேலை உண்டு. பிதுருதலாகல தெரியாத லயத்தில் அன்டனாவை எதிர்மலைக்குத் திருப்பி, பாறையில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடிப்போம். கூரை மேல் ஒருத்தர் குழாயைத் திருக, வாசலில் ஒருத்தர் "வருதா, வரல்லியா" என்று கத்த, படம் வரும், நிழலும் சேர்ந்து வரும். டிஜிட்டலில் அந்த எதிரொலி அலை இடைவெளிக்குள் வந்தால் நிழல் விழாது, நல்ல படமே கிடைக்கும். மலையில் அலை பல பாதைகளில் வருவது இதுவரை எங்களுக்குத் தொல்லையாக இருந்தது. வலய முறையில் அதுவே உதவி.

வலயத்துக்குத் தனி மீடிறன் என்பதால், வலயத்தின் மல்டிபிளெக்ஸில் என்ன ஏறும் என்பதையும் தனியாகத் தீர்மானிக்கலாம். தமிழ் நிகழ்ச்சிகள் அனைத்தையும் எல்லா மறுஒளிபரப்பிகளும் சுமக்கும் முதல் மல்டிபிளெக்ஸில் ஏற்ற வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அதோடு மலையகத்துக்கென்று ஒரு நிகழ்ச்சி நேரமோ நிலையமோ பின்னால் வர வழி திறந்திருக்கும். நாளைக்கே யாரும் தொடங்காவிட்டாலும் பரவாயில்லை, கதவை மூடிவிடக் கூடாது.

வலய எல்லைகளில் சிக்கல் வரும், மறைக்கவில்லை. கினிகத்தேனைக்குக் கீழே, பலாங்கொடைப் பக்கம், மாத்தளைக்கு வடக்கே இரண்டு வலயங்களின் அலையும் சேரும் இடங்கள் இருக்கும். அங்கே வீட்டுக்காரர் எந்தப் பக்கம் அன்டனாவைத் திருப்புவது என்று தெரிவு செய்ய வேண்டும். வேறு மீடிறன் என்பதால் ஒன்றை ஒன்று கெடுக்காது. பிரித்தானியாவில் பெரிய கோபுரங்களின் அலையைக் கிடையாகவும், பெரும்பாலான சிறு மறுஒளிபரப்பிகளின் அலையை நிலைக்குத்தாகவும் அனுப்புவார்கள், நாமும் அப்படிச் செய்தால் குழப்பம் இன்னும் குறையும். அன்டனாவின் குச்சிகள் படுத்திருக்க வேண்டுமா, நிமிர்ந்திருக்க வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.

டிஷ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. லயங்களின் கூரைகளைப் பார்த்தால் டிஷ் நிறைந்திருக்கிறது. செயற்கைக்கோளுக்கு முகடு தடையே இல்லை. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் டிஷ் வானத்தை நன்றாக அண்ணாந்து பார்க்கிறது, மலை குறுக்கே வருவதில்லை. தரைவழிக்குச் செலவழிப்பதை விட்டுவிட்டு, பள்ளத்தாக்குகளுக்கு அரசே செயற்கைக்கோள் வழியாகக் கொடுத்தால் போதாதா?

ஜப்பான் இரண்டையும் செய்தது. 2011 ஜூலை 24 அன்று பெரும்பகுதி நாட்டில் அனலாக்கை அணைத்தார்கள். தரைவழி எட்டாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தற்காலிகமாக நிகழ்ச்சிகளைக் கொடுத்தார்கள். 2015 மார்ச்சில் அதை நிறுத்தும்போது அந்த இடங்களுக்குத் தரைவழி ஏற்பாடு போய்ச் சேர்ந்திருந்தது. மலைக்கிராமங்களில் ஊரே சேர்ந்து உயரத்தில் ஒரு நல்ல அன்டனா வைத்து, கேபிள் வழியாக வீடுகளுக்கு இறக்கும் பழக்கமும் அங்கே வெகுகாலமாக உண்டு. லயங்கள் வரிசையாக ஒட்டி இருப்பதால் இந்தப் பொது அன்டனா முறை நமக்கு நன்றாகவே பொருந்தும். ஒரு தோட்டப் பிரிவுக்கு ஒரு கம்பம் போதும்.

டிஷ்ஷை மட்டும் நம்ப முடியாததற்குக் காரணம் மழை. டிஷ்ஷுக்கு வரும் கேயூ அலை கனமழையில் மங்கிப்போகும். தென்மேற்குப் பருவமழையில் மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் எப்படிப் பெய்யும் என்பது தெரிந்ததுதான். யூஎச்எஃப் அலையை மழை ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. மண்சரிவு எச்சரிக்கை வேண்டியது மழை கொட்டும் இரவில்தானே. அந்த நேரம் போய்விடும் வழியை மட்டும் மக்களிடம் கொடுப்பது சரியில்லை. மாதாமாதம் காசு கட்ட முடியாமல் இடையில் நிற்கும் வீடுகளும் உண்டு. தரைவழிக்கு அந்தப் பயம் இல்லை.

வீஎச்எஃப் பகுதியை மலைக்குப் பயன்படுத்தலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அந்த அலை முகட்டில் கொஞ்சம் கூடுதலாக வளையும் என்பது மெய். ஆனால் அன்டனா மூன்று மடங்கு பெரிதாகும், மோட்டார் இரைச்சல் அதிகம் புகும், சந்தையில் வரும் ஐஎஸ்டிபி-டி பெட்டிகள் யூஎச்எஃப்பை எண்ணிச் செய்தவை. விட்டுவிடலாம்.

ரிமோட்டில் எந்த எண்

மீடிறன் எண் ஒன்று, ரிமோட்டில் அழுத்தும் எண் வேறு. டிஜிட்டலில் நிலையம் எந்த மீடிறனில் வந்தாலும் திரையில் காட்டும் எண்ணைத் தனியாகக் கொடுக்கலாம். அமெரிக்காவில் ஆயிரம் நிலையங்கள் இடம் மாறியபோதும் பார்ப்பவர் அழுத்திய எண் மாறவில்லை, ஒருமுறை மீண்டும் தேடவிட்டால் போதுமாக இருந்தது. ஜப்பானில் பிரதேசத்துக்குப் பிரதேசம் எண் மாறும். அங்கே பொது ஒளிபரப்பு நிலையமான என்எச்கே டோக்கியோவில் 1, வேறு சில இடங்களில் 3.

எண்ணை யார் கொடுப்பது? நிலையங்களே பேசி எடுத்துக்கொள்ளட்டும் என்றால் பலமுள்ளவர் முன்னால் போவார், தமிழ் நிலையங்கள் பட்டியலின் அடியில் கிடக்கும். பெட்டி தேடிக் கண்டுபிடித்த வரிசையில் விட்டால் ஊருக்கு ஊர் மாறும், வயதானவர்கள் திண்டாடுவார்கள். ஆணைக்குழுவே மொழிவாரியாக எண் தொகுதி ஒதுக்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. இந்தியாவில் கேபிள், டிஷ் நிறுவனங்கள் ஒரே வகை, ஒரே மொழிச் சேனல்களை அடுத்தடுத்து வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதுபோல நாடு முழுக்கத் தமிழுக்கு ஒரே எண் தொகுதி இருந்தால் ஹட்டனிலும் வவுனியாவிலும் ஒரே எண்ணை அழுத்தலாம். இதற்கு மீடிறன் செலவு எதுவும் கிடையாது, தீர்மானம் மட்டும் போதும்.

அளப்பது எங்கே

எந்த வழியை எடுத்தாலும், அலை எட்டுகிறதா என்று சோதிக்கும் முறையை மலையகத்துக்காக மாற்றச் சொல்ல வேண்டும். சர்வதேச வழக்கில் அன்டனா தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். லயத்தின் கூரை அதில் பாதிகூட வராது. பரவலாகப் பயன்படும் கணிப்பு முறைகளில் சில பெரிய பரப்பின் சராசரியைத்தான் சொல்லும், ஒவ்வொரு முகட்டையும் தனித்தனியாகப் பார்க்காது. வரைபடத்தில் பச்சை நிறம் பூசிய இடத்தில் நின்று திரை கறுத்திருப்பதைப் பார்க்க நேரும். அதுபோல சனத்தொகையில் இத்தனை வீதம் என்ற இலக்கை நாடு முழுவதற்கும் சேர்த்து வைத்தால், விடுபடும் வீதத்தில் பெரும்பங்கு பள்ளத்தாக்குகளாக இருக்கும். இலக்கை மாவட்டவாரியாக, முடிந்தால் பிரதேச செயலகவாரியாக வைக்க வேண்டும். அளவீட்டு வண்டி பிரதான வீதியில் ஓடிவிட்டுத் திரும்பாமல், தோட்டத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம் வரை இறங்கி, லயக்கூரையின் உயரத்தில் அளக்க வேண்டும். மலைநாட்டு வலயத்தின் அனலாக்கை அந்த அளவீடு முடிந்த பிறகே அணைக்க வேண்டும்.

அதுவரை வீடுகளுக்கு ஒரு வார்த்தை. டிஜிட்டல் அன்டனா என்று சொல்லி விற்பதை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். சில அன்டனாக்கள் குறிப்பிட்ட சில சேனல்களுக்கு மட்டுமே நன்றாக வாங்கும், பங்கீடு வேறு சேனலில் விழுந்தால் அது வீண். கட்டாயம் வாங்க வேண்டுமென்றால் 21 முதல் 48 வரை முழுவதையும் வாங்கும் யூஎச்எஃப் அன்டனாவாகப் பாருங்கள், குச்சிகளைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் மாற்றிப் பூட்டக்கூடியதாக இருந்தால் நல்லது. புது டிவி எடுப்பவர்கள் பெட்டியில் ஐஎஸ்டிபி-டி என்று போட்டிருக்கிறதா, 8 மெகாஹேர்ட்ஸுக்கு வேலை செய்யுமா என்று கடையில் கேட்டுவிட்டு எடுங்கள். ஜப்பானுக்கும் பிரேசிலுக்கும் செய்த பெட்டிகள் 6 மெகாஹேர்ட்ஸுக்கானவை, அவற்றில் இங்கே படம் வராமல் போகலாம்.